குங்குமம் வைத்த சாய டப்பா

சீதாலட்சுமி எனக்கு மகள் முறை. என் பெரியப்பா மகன், வாணியம்பாடி ஏகாம்பரத்தின் மூத்த பெண். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் குரல் எழும்பாது. ரேஷன் கடை வரிசையில் யார் இடித்துக்கொண்டு முன்னால் போனாலும் ஏகாம்பரம் வழி விட்டு நிற்பார். அவருடைய தங்கை ஒருத்தி, கல்யாணப் பந்தியில் தன் இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவள். அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்த பெண் கத்திக்கு முன்னால் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்திராவிட்டால் யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனுக்குக் கால் ஒடிந்து வீட்டோடு ஆன பிறகு, பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பெண்கள் கேட்டுக்குச் செக்யூரிட்டியாகச் சேர்ந்தாள். எதிர்ச்சாரியில்தான் என் டீக்கடை. காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு முதல் நாள் வந்து நின்றவளைப் பார்த்து, "எம்மா, உன்னையே யாராவது காவல் காக்கணும் போலிருக்கே" என்றேன். "சும்மா இரு சித்தப்பா, மானத்த வாங்காதே" என்று சிரித்தாள்.

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் துணி வாங்க வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், பெண்கள் நுழையும் கேட்டில் லத்தி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பதிலாக வந்ததுதான் சாய டப்பா. கொசு மருந்து டப்பாவில் பாதி இருக்கும், கறுப்பு நிறம். தலையை அழுத்தினால் சிவப்புச் சாயம் நுரையாகப் பீய்ச்சி அடிக்கும். கண் எரியாது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் முகத்தில் பட்டால் ஒரு வாரம் போகாது. வம்பு செய்தவன் எந்தச் சந்தில் ஒளிந்தாலும் அந்த முகத்தோடுதான் ஒளிய வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஜெயராமன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி முற்றத்தில் காலையில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் கன்னடத்தில் உரக்க எச்சரிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால்தான் அழுத்த வேண்டும்.

அப்பாதுரை என்ற காவலாள் கேட்டான், "சோப்பு போட்டா போகாதா சார்?"

"போட்டுத்தான் பாரேன்" என்று ஜெயராமன் அவன் முகத்திலேயே அடித்துக் காட்டிவிட்டார்.

அப்பாதுரையின் பெண்டாட்டி கடலைமாவு, சீயக்காய், கடைசியில் மண்ணெண்ணெய்கூடப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். தக்காளிப் பழம் மாதிரி முகத்தோடு ஒரு வாரம் டூட்டி பார்த்தான். அவனைப் பார்க்கவென்றே ஆட்கள் என் கடைக்கு டீ குடிக்க வந்தார்கள். ஒரு பக்கம் ஹெப்பகோடி, மறுபக்கம் அடுகோடி வரைக்கும் பேச்சு போயிற்று.

அதற்குப் பிறகு பயிற்சியில் திருடனாக நடித்து எதிரே நிற்க ஒருவரும் வரவில்லை. பழகுவதற்கென்று தண்ணீர் அடைத்த டப்பாக்களும் வந்திருந்தன. நிஜ டப்பாவின் கழுத்தில் சிவப்புக் காகிதம், தண்ணீர் டப்பாவின் கழுத்தில் நீலக் காகிதம். வேறு வித்தியாசம் கிடையாது. தண்ணீரை அடிக்கும்போதுகூடச் சீதாலட்சுமி கண்ணை மூடிக்கொள்வாள்.

"கண்ண மூடிட்டு அடிச்சா, எதிராளி நிதானமா வந்து கைகுடுத்துட்டுப் போவான்மா" என்பார் ஜெயராமன். இவளை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று என்னிடமே சொன்னார்.

அந்தக் கம்பெனியில் ருக்மிணி என்று ஒரு பெண் தையல் மெஷினில் இருந்தாள். அடுகோடியில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்த உத்தமன் அவள் புருஷன். அவள் மணிக்கட்டை முறுக்கி ஒடித்தவன். கட்டுப் பிரித்ததும் அவனை விட்டுவிட்டு வந்து, கூட வேலை செய்யும் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். "பண்டிகை முடியட்டும், கம்பெனிக்கே வந்து தூக்கிட்டுப் போறேன். வரலன்னா அங்கயே முடிச்சிடுவேன்" என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். இது கேட்டில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும்.

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. மெஷின், கத்தரிக்கோல், டார்ச் லைட் எல்லாவற்றோடும் சாய டப்பாக்களையும் வரிசையாக அடுக்கினார்கள். அப்பாதுரைக்குப் பக்தி அதிகம். டப்பா தவறாமல் கழுத்தைச் சுற்றிச் சந்தனத்தை அப்பி, தலையில் குங்குமத்தைக் குழைத்துப் பூசிவிட்டான். நீலமும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. பூஜை முடிந்து டப்பாவை எடுக்கும்போது ஜெயராமனுக்குச் சந்தேகம்தான். ஆனால் சாமிக்கு முன்னால் வைத்த பொருளில் குங்குமத்தைத் துடைக்க அவருக்கும் கை வரவில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டார்.

விஜயதசமி லீவு கழிந்து கம்பெனி திறந்த அன்றே உத்தமன் வந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆண் காவலாட்கள் பின்பக்கம் லாரியில் துணிப் பேல் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கேட்டில் சீதாலட்சுமி ஒருத்திதான். குடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவன் நிதானமாக நடந்து வந்தான். கையில் பட்டறையில் தீட்டிய கத்தி.

"நில்லு! முந்தெ பரபேடா!" என்று கத்தினாள் சீதாலட்சுமி. சொல்லிக் கொடுத்தபடி கன்னடத்தில்.

"வாணியம்பாடிக்காரிதானே நீ? தமிழ்லயே சொல்லேன்."

"வராதே. அடிச்சிடுவேன்."

"அட, அடிச்சுத்தான் பாரேன்க்கா. எம்பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன், நடுவுல நீ யாரு?"

கேட்டைச் சாத்தப் போனாள். அவன் காலை நடுவில் வைத்துவிட்டான். நான் பால் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைக் கடக்கப் பார்க்கிறேன், குறுக்கே பஸ் வருகிறது. பஸ் போனதும் தெரிந்தது: அவள் டப்பாவை நீட்டி அழுத்திக்கொண்டிருக்கிறாள். கண் இரண்டும் திறந்திருக்கிறது.

நுரை வரவில்லை. அவன் முகத்தில் வழிந்தது வெறும் தண்ணீர்.

நான் சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது, அவள் உதடு வெளுத்ததில் கண்டுகொண்டேன். அந்த நேரத்தில் உத்தமன் முகத்தை வழித்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான். டப்பாவின் தலையில் பூசியிருந்த குங்குமம் தண்ணீரோடு கரைந்து வந்திருக்கிறது. கை சிவப்பு.

சீதாலட்சுமி அதைப் பார்த்தாள். ஏகாம்பரத்தின் மகள், சாம்பார் கேட்காதவளின் மருமகள், ஒரு அடிகூடப் பின்னால் வைக்காமல் சொன்னாள்:

"அப்பாதுரை மூஞ்ச நீயும் பார்த்திருப்பே. அவனுக்குச் சும்மா காட்டறதுக்கு லேசா அடிச்சது. உனக்கு டப்பா மொத்தமும். இந்த மூஞ்சிய வச்சிட்டு எங்க போவே? போறதுன்னா போ, உள்ள வேணும்னாலும் வா. நாளைக்கு பெங்களூரே உன்ன அடையாளம் சொல்லும்."

அவன் திரும்பி ஓடி வந்தான், என் கடைக்கு. வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் முகத்தைக் கழுவ இரண்டு கையும் வேண்டுமே, கத்தியை என் பெஞ்சில் வைத்தான். நான் அதை எடுத்துப் பால் கேனுக்குள் போட்டேன். பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக் கன்னத்தைப் பரபரவென்று தேய்த்தான்.

"போச்சா பெரியவரே? போச்சா?"

முதல் கைத் தண்ணீரிலேயே குங்குமம் போய்விட்டது. முகம் சுத்தமாக இருந்தது. நான் அவனைப் பார்த்தேன், எதிரே நிற்கிற சீதாலட்சுமியைப் பார்த்தேன்.

"போகலப்பா" என்றேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரன் புரிந்துகொண்டான். "இன்னூ இதெ குரு, சென்னாகி உஜ்ஜு" என்றான். இன்னும் இருக்கிறதாம், நன்றாகத் தேய்க்க வேண்டுமாம். இன்னொருவர், "காதுப் பக்கம் பாருங்க, காதுப் பக்கம்" என்றார். பாவி, தோல் உரிகிற மாதிரி தேய்த்தான். தேய்த்துத் தேய்த்து முகம் நிஜமாகவே சிவந்துபோயிற்று. ஜெயராமனும் அப்பாதுரையும் ஓடி வந்து பிடித்தபோதும் நாரை விடவில்லை. அப்பாதுரையின் முகத்தைக் கண்டதும், "அண்ணே, உனக்கு எதுல போச்சு?" என்று கேட்டான்.

போலீஸ் ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகும் சீதாலட்சுமி கேட்டில் அப்படியே நின்றாள். டப்பாவைப் பிடித்த விரல்கள் இறுகிப் போயிருந்தன, அவளால் விரிக்க முடியவில்லை. பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ருக்மிணி வந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டப்பாவை எடுத்து ஜெயராமனிடம் கொடுத்தாள். அவர் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். நீலக் காகிதம். மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இது தண்ணி டப்பாம்மா."

"தெரியும் சார். அமுக்கின உடனே தெரிஞ்சிடுச்சு."

அம்மன்தான் குங்குமமாக வந்தாள் என்று அப்பாதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டான். இருக்கலாம். ஆனால் தண்ணீர் பீய்ச்சியதற்கும் உத்தமன் தன் கையைப் பார்த்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த நேரம் அவளிடம் ஒன்றுமே இல்லை. அப்போதும் நின்றாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"தண்ணின்னு தெரிஞ்சும் ஏன்க்கா நகரல?" என்று ருக்மிணி கேட்டாள்.

"நகர்ந்தா கேட்டு தெறந்துக்குமேடி" என்றாள் சீதாலட்சுமி, குழந்தைக்குச் சொல்வது போல.

ருக்மிணி சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து கேட்டருகிலேயே, சாலையில் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் ஷெட்டுக்குப் பின்னால் மறைந்து சாப்பிட்டவள். புளிச்சோற்றை உருட்டி முதல் கவளத்தைச் சீதாலட்சுமியின் வாயில் வைத்தாள்.