உளுந்துக் குவியலில் சாம்பல் கோடு

சித்திரை வெயிலில் மனிதர்களை நம்புவது எனக்குக் கஷ்டம். மற்ற மாதங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? வீட்டுக்காரர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். வயலையும் மோட்டாரையும் ஒற்றை ஆளாகக் காக்கிறவள் நான். பால்காரர் பால் ஊற்றும்போதுகூட என் கண் அவர் கையில்தான் இருக்கும்.

அந்த வருஷம் உளுந்து நன்றாகக் காய்த்திருந்தது. பறிக்கத்தான் ஆள் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் நூறு நாள் வேலை என்றார்கள். தெற்குத் தெரு அக்காவும் நானும் வழக்கம்போல மாற்றாள் வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் அவர் என் வயலுக்கு வருவார், மறுவாரம் நான் அவருடைய குத்தகை வயலுக்குப் போவேன். அவருடைய அம்மா என் மாமனார் களத்தில் கூலி வேலை செய்தவர். அக்காவின் மகள் இன்று திருவாரூரில் நர்ஸ். அக்கா வராவிட்டால் என் உளுந்து செடியிலேயே வெடித்து மண்ணில் கொட்டிப் போகும், அதுதான் நிலைமை.

விடியும் முன்பே போய்ப் பறிப்போம். இடுப்பு விட்டுப்போகும். காய்ந்த நெற்றைக் களத்து ஓரத்தில் குவித்து வைத்தோம், மொத்தமாகத் தடியால் அடித்துக்கொள்ளலாம் என்று. மத்தியானம் நான் சமைக்க உள்ளே போவேன். அக்கா பூவரசு நிழலில் உட்கார்ந்து ஆடு, கோழி அண்டாமல் பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் குவியல் அமுங்கியிருந்தது. அக்காவின் கட்டைப்பை மட்டும் காலையில் இருந்ததைவிடப் புடைப்பாகத் தெரிந்தது. இப்படி நினைக்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

மாமனார் நெல்லைக் குவித்ததும் மேலே சாம்பலால் கோடு போடுவார். யாராவது ஒரு கை அள்ளினாலும் கோடு சரிந்து காட்டிக் கொடுத்துவிடும். மறுநாள் அக்கா கால் கழுவப் போன நேரத்தில், நான் உளுந்து நெற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாக என் விறகடுப்புச் சாம்பலைத் தூவினேன். சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் கோடு நாலு இடத்தில் அறுந்திருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ராத்திரி முழுக்கக் கலையாமல் கிடக்கிற கோடு, நான் உள்ளே போனதும் அறுகிறது. இனி என்ன சாட்சி வேண்டும்? எனக்குள் கேஸ் நடந்து தீர்ப்பும் ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் பின்னால் நின்றேன். அக்கா கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். களத்தில் வெயில் கொதித்தது. குவியலில் 'பட்' என்று ஒரு சத்தம். ஒரு நெற்று முறுக்கிக்கொண்டு வெடித்து, அந்த இடத்தில் சாம்பல் சிதறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பக்கத்தில் ஈ, காக்கை இல்லை. செடியில் வெடிக்கும் என்று பயந்து பயந்து பறித்தவளுக்கு, களத்திலும் அது வெடிக்கும் என்று தோன்றவில்லை. நெல்லுக்குப் போடுகிற கோட்டை உளுந்துக்குப் போட்டிருக்கிறேன். என் புத்தியை எதால் அடித்துக்கொள்வது?

மோர் கலக்கி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா எழுந்து குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு கட்டைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், சர்க்கரை மாத்திரை, வெயிலுக்குப் போடுகிற மகளின் பழைய முழுக்கைச் சட்டை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையையும் உருவி, என் முன்னால் இரண்டு தடவை உதறினார்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"மொத நாளே பாத்துட்டேன் கோட்ட. எங்கம்மா ஒங்க மாமனார் களத்துல தெனமும் இப்படி ஒதறிக் காட்டிட்டுத்தான் வீட்டுக்கு வரும். எனக்கு நெனப்பு இருக்கு."

"அக்கா, நான்..."

"விடு. சொன்னா இன்னும் அசிங்கமா இருக்கும்."

அவர் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. என்மேல்தான் ஆத்திரம். இனி அவர் என் வாசல் மிதிக்கமாட்டார், என்னைத் தன் வயலுக்குக் கூப்பிடவும் மாட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதிலும் அவரைத் தப்பாகத்தான் கணித்தேன்.

திங்கட்கிழமை இருட்டு பிரிகிற நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "ஒன் மொற. வர்றியா, இல்லியா?"

போனேன். வெயில் ஏறும்வரை பறித்தேன். மத்தியானம் அவர் வீட்டுக் களத்தில் நெற்றைக் குவித்தோம். அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நான் போயி சாப்பாடு எடுத்தாரேன். பாத்துக்க."

நாலு எட்டு போய்விட்டுத் திரும்பினார்.

"பயப்படாத. எங்க வீட்ல கேஸ் அடுப்புதான். சாம்பல் கெடையாது."

சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டார். குவியலில் நெற்று வெடித்துக்கொண்டிருந்தது. தெறித்து ஓடிய உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதிலேயே போட்டேன். அவர் வரும்வரை நிழலுக்குப் போகவில்லை.