ஐந்து மொட்டை

புந்தோங்கில் லாரிப் பட்டறை, குனோங் ராபாட்டில் மாடி வீடு, மூன்று பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு. யாரும் கைதூக்கி விடவில்லை. எல்லாம் நானாகச் செய்தது. நான் படித்ததோ ரப்பர்த் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேத்தி, "எத்தனை வழி இருக்கோ அத்தனையும் ஒண்ணொண்ணாப் பாத்துக் கழிச்சா மிச்சம்தான் விடை. இதுவும் நிரூபணம்தான் தாத்தா" என்றாள். இதை ஒன்பது வயதிலேயே செய்தவன் நான் என்றேன். சிரித்தாள். அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என் தங்கச்சியையும் சேர்த்து ஐந்து வீட்டுக் குழந்தைகளுக்கு மொட்டை போட்டு, முகம் வரைக்கும் சந்தனம் அப்பியிருந்தார்கள். மறுநாள் தாய்மார்கள் வழக்கம்போல் பிள்ளைகளைச் சந்தனத்தோடே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனார்கள். பழைய ஆயாவுக்குக் காய்ச்சல். வந்திருந்த புது ஆயாவுக்கு எந்த மொட்டை யார் வீட்டு மொட்டை என்று தெரியாது.

மதியம் அம்மா போனபோது ஒரே ஒரு மொட்டை தூங்கிக்கொண்டிருந்தது. அது தங்கச்சி இல்லை. கொட்டகைக்குப் பின்னால், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டை. தங்கச்சி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அப்பா சட்டையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"நாலு பேரு வந்தாங்க, நாலு புள்ளையத் தூக்கிட்டுப் போனாங்க" என்று ஆயா திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். இருந்தது ஐந்து, போனது நாலு, மிச்சம் ஒன்று. அப்படியானால் குட்டைக்குப் போக மொட்டையே இல்லை. அந்த நாலு பேரில் ஒருவர்தான் எங்கள் பிள்ளையைத் தூக்கிப் போயிருக்கவேண்டும்.

முதல் வீட்டில், "இது உங்க புள்ளதானா?" என்று கேட்டேன். "பெத்தவளுக்குத் தெரியாதாடா?" என்று அந்த அக்கா அகப்பையை ஓங்கினார். இரண்டாவது வீட்டிலும் திட்டுதான். மூன்றாவது வீட்டிலும் அவர்கள் பிள்ளையே சோறு தின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து, "நாலாவது வீட்லதாம்மா இருக்கா" என்றேன்.

அம்மா ஓடினார். நான் நடந்துதான் போனேன். விடை தெரிந்த பிறகு எதற்கு ஓடவேண்டும்?

அங்கே பிள்ளையைத் தூக்கி வந்தவர் வீட்டுக்காரர். அவர் மனைவி அடுப்படியில் இருந்தார். "தூங்குற புள்ளைய எழுப்பாதீங்கலா" என்று வீட்டுக்காரர் தடுக்கத் தடுக்க, அம்மா சாரோங் துணித் தொட்டிலை விலக்கினார். உள்ளே தங்கச்சி, வாயில் விரலோடு.

"பெத்த புள்ள மொகம் தெரியல ஒனக்கு?" என்று மனைவி பிடித்துக்கொண்டார்.

"சந்தனத்துல எல்லாம் ஒரே மாதிரிதானலா இருக்கு."

லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. ஈரம் சொட்ட வந்து நின்ற அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் தங்கச்சியின் கை, கால், காது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அழுதுகொண்டே இருந்தார். அதுதான் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேனே, இன்னும் எதற்கு அழுகை என்று எனக்குக் கோபம். கணக்கில் கிடைத்த பிள்ளை கைக்கும் கிடைத்தால்தான் தாய்க்கு மூச்சு வரும் என்பது அப்போது விளங்கவில்லை.

கோயில் ஆத்தாதான் பிள்ளையைக் காப்பாற்றித் தந்தாள் என்று தங்கச்சி வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆத்தாவுக்கு உரியது ஆத்தாவுக்கு இருக்கட்டும். வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கியவன் நான். இனிமேல் சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.