தூசியைக் கணக்கெடுத்த மேடம்

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறைத் தூசி நெஞ்சில் சேருதா என்று பார்க்க வருஷாவருஷம் ஒரு ஆராய்ச்சி மேடம் வருவார். ஒல்லி உடம்பு, பெரிய குடை. "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். அதற்காகவே கூடுதலாக இருமுவேன். பாதி பயம், பாதி நடிப்பு.

ஒரு வருஷம், எங்கள் சூளையில் வேலை பார்த்த ஒருவர் பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர் மோதிச் செத்திருந்தார். மேடம் என் இருமலை விட்டுவிட்டு அவரைப் பற்றியே விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருதான் தூசியில சாவலையே மேடம். தப்பிச்சவங்க கணக்குல போடுங்க."

"தப்பிக்கலைங்க, டிராக்டர் முந்திக்கிச்சு. தூசி என்ன செஞ்சிருக்கும்னு இனிமே தெரியாது. அவரத் தனியாத்தான் வெக்கணும்."

பாவி மனுஷன், செத்தும் தனியிடம் பிடித்துவிட்டார்.

"அப்ப நானு?"

"ரோட்டப் பாத்துக் கடங்க. அடுத்த வருஷமும் நீங்க இருக்கணும்."

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கிறேன். அந்தக் கரிசனம் என் மேலா, கணக்கின் மேலா என்றுதான் இன்னும் விளங்கவில்லை.