குறுக்கு ரம்பமும் நெடுக்கு மரமும்

எட்டு வருஷம் ரம்பம் விற்றிருக்கிறேன். அந்த எட்டு வருஷத்தில், கடைசியில் ஒரு வாகை மரம் வந்து மாட்டும்வரை, ஒரு குச்சியைக்கூட அறுத்ததில்லை. வீட்டு விறகைக் கோடாரியால் பிளந்தது என் மனைவி. நான் பக்கத்தில் நின்று, கோடாரியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வயது நாற்பத்தேழு ஆகிவிட்டது. வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மதுரையில் பழைய ஊருக்குள் ஒரு இரும்புக்கடையில் வேலை. ஆணி, கீல், அரம், ரம்பம் எல்லாம் உண்டு. முதலாளி முஸ்லிம், பேச்சு குறைவு. அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். வருகிற ஆளைச் சிரிக்க வைத்தால் சரக்கு போய்விடும் என்பது என் எண்ணம். பெரும்பாலும் போகவும் செய்தது.

ரம்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாங்கியவர்கள் திரும்பி வந்து திட்டியதில் தெரிந்துகொண்டதுதான். சீமை கை ரம்பம் தள்ளும்போது அறுக்கும். நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்து அறுப்பவர்கள். புது ரம்பம் வாங்கிப் போனதும் பல்லையெல்லாம் அரத்தால் ராவித் திசையை மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஒருவர் என்னிடம், பல்லைத் தலைகீழாக வைத்து விற்கிறாயே என்று சண்டைக்கே வந்தார். இனிமேல் வாங்கும்போது சொல்லுங்கள், திருப்பி மாட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அப்படி மாட்ட முடியுமா என்று எனக்குத் தெரியாது.

கடைச் சுவரில் ஒரு பெரிய ரம்பம் தொங்கியது. ஆள் நீளம், இரண்டு முனையிலும் கைப்பிடி, இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியது. மலைப்பக்கம் மரத்தை அடியோடு அறுத்துச் சாய்ப்பதற்காகச் செய்தது. யுத்தத்துக்கு முன்னால் வந்த சரக்கு. எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் வீட்டுக்கு அழைத்துப் போக மாட்டார்கள். அதனால் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்தில், வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவர் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையின் கால் இற்று ஒடிந்துவிட்டது. தோட்டத்தில் மிளகாய், பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷம் அவ்வளவுதான். கிணற்றங்கரை வாகை மரம் ஒன்றை வெட்டிப் போட்டிருக்கிறார். அடிமரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் கமலைக்கு இரண்டு காலும் கிடைக்கும். ஆப்பு வைத்து அடித்தால் வாகை முறுக்கிக்கொண்டு கோணலாகப் பிளக்கும். வழக்கமாக அறுக்கிறவர்கள் எல்லாரும் பட்டாளத்துக் கொட்டகை வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் தானும் தங்கை புருஷனுமே அறுத்துக்கொள்வதாக முடிவு செய்து, எந்த ரம்பம் சரியாக இருக்கும் என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஆனால் மாமனார் சுவரில் இருந்தார்.

கடை வாசலில் ஆணி நிமிர்த்த ஒரு வேப்பங்கட்டை கிடந்தது. சுமை தூக்குகிறவரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை நான் பிடித்து, கட்டையின் நுனியை அறுத்துக் காட்டினேன். அதாவது, அவர் இழுத்தார், நான் தொங்கிக்கொண்டு போய் வந்தேன். பத்து இழுப்பில் துண்டு விழுந்தது.

"பூசணிக்கா மாதிரில்ல போகுது" என்றார் விவசாயி.

"பல்லு பெருசு, கடியும் பெருசு. நாளைக்கு மதியத்துக்குள்ள ஒங்க காலு ரெண்டும் ரெடி" என்றேன் நான்.

நான் அறுத்தது குறுக்கே. அவர் அறுக்க வேண்டியது நெடுக்கே. இது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாததில் தப்பில்லை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது சுவர் காலியாக இருந்தது. நான் பெருமையாக நின்றேன்.

நான்காம் நாள் விவசாயி ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். தோல் உரிந்து கிடந்தது. மூன்று நாள் இழுத்து ஒரு சாண்தான் இறங்கியிருக்கிறது. வீட்டுக்காரி குடத்தில் இறைத்துச் சுமந்து ஊற்றுகிறாள், தோட்டத்தில் மேற்குக் காட்டுச் செடி தலை தொங்கிவிட்டது என்றார்.

"அண்ணே, நீங்க அறுத்தப்ப போச்சே. எங்களுக்கு ஏண்ணே போகல?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மரம் பச்சையாக இருக்கும் என்று நான் ஆரம்பித்தேன். முதலாளி கையை உயர்த்தினார்.

"தெரியாததத் தெரிஞ்ச மாதிரி விக்கிறது ஹராம்யா. எந்திரி, செல்லூருக்குக் கூட்டிட்டுப் போ."

செல்லூரில் தறி செய்கிற ஆசாரி ஒருவர் என் வயசுக்காரர், பழகினவர். சந்துக்குள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். மாமனாரைப் பார்த்தார், விவசாயியின் கையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்த் இரண்டு பேர் இழுக்கிற தன்னுடைய நெடுக்கு அறுப்பு ரம்பத்தை எடுத்துவந்து, என் விரலைப் பிடித்து முதலில் மாமனாரின் பல்லிலும் பிறகு அதன் பல்லிலும் வைத்தார்.

"மரம்ங்கிறது நாரு மாப்ள. குறுக்க அறுத்தா ஒவ்வொரு நாரையும் வெட்டணும், அதுக்குப் பல்லு கத்தி மாதிரி. நெடுக்க அறுத்தா நாரச் சீவிச் சீவி எடுக்கணும், அதுக்குப் பல்லு உளி மாதிரி. நீ கத்தியக் குடுத்துச் சீவச் சொல்லியிருக்க."

எட்டு வருஷமாக என் கைக்குள் கிடந்த விஷயம். விரலில் ரத்தம் வந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

ரம்பத்தைத் தனியாக இரவல் கொடுப்பது ஆசாரிகளிடம் வழக்கமில்லை. வேறு கை பட்டால் பல்லின் வாட்டம் போய்விடும் என்பார்கள். ரம்பம் போகிற இடத்துக்குப் பொறுப்பான ஓர் ஆளும் போக வேண்டும். அவருக்கோ கையில் இருந்த தறி வேலை இன்னும் முடியவில்லை. "வித்தது நீதான? நீயே போ. ஒரு பல்லு மொக்கையாச்சுன்னா இந்தச் சந்துப் பக்கம் வராத" என்றார்.

முதலாளி மாமனாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் ஆசாரியின் ரம்பத்தைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் போனேன். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

தங்கை புருஷனுக்குக் கை இரண்டும் கட்டுப் போட்டிருந்தது. ஆகவே ரம்பத்தின் மறுமுனை எனக்கு. இரண்டு கம்புகளைக் கத்தரிக்கோல் மாதிரிக் கட்டி, அதன்மேல் அடிமரத்தின் ஒரு தலையைத் தூக்கி வைத்தார்கள். கரி தடவிய நூலால் நடுவே கோடு அடித்தார்கள். விவசாயி மரத்தின் மேல் ஏறி நின்றார். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து ரம்பத்தைத் தூக்கிவிட வேண்டும். கீழே நிற்பவன் இழுக்க வேண்டும். அறுப்பு விழுவது இழுப்பில்தான். தூளும் விழுவது இழுக்கிறவன் மேல்தான்.

முதல் நாள் காலையில் இரண்டு தமாஷ் சொன்னேன். வாயைத் திறந்தால் தூள் விழுந்ததால் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு இழுப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. தோள் எரிந்தது, பிறகு மரத்துப்போனது, பிறகு மறுபடி எரிந்தது. அறுப்பு மூடிக்கொள்ளாமல் ஆப்பு சொருகுகிற நேரம்தான் ஓய்வு. அந்த நேரத்தில் விவசாயியின் மனைவி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகக் கிணற்றிலிருந்து தோட்டத்துக்குப் போவதும் வருவதும் தெரியும். எத்தனை நடை என்று எண்ணப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எண்ணப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு குடமும் ஊற்றிய இடத்தில் ஒரு பாத்திகூட முழுசாக நனையவில்லை.

இரண்டாம் நாள் சாய்ந்தரம் அடிமரம் இரண்டாக விழுந்தது. கோடு எங்கும் விலகவில்லை. அவரவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் கால்களை நட்டு, உருளையை மாட்டி, மாட்டைக் கட்டினார்கள். தண்ணீர் வாய்க்காலில் வந்தது. கிழக்குப் பாத்திகள் குடித்தன. மேற்குக் காட்டில் பாய்ந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இலை சுருண்டு, பிஞ்செல்லாம் உதிர்ந்து, தண்டு விறகாகிப் போயிருந்தது. ஏறக்குறையப் பாதித் தோட்டம். விவசாயி மண்வெட்டியால் அந்தப் பக்கத்து மடையை அடைத்துத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்.

நான் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டினேன். விவசாயியின் மனைவி ஒரு செம்பு நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசவே இல்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எப்படியோ கமலைக் காலை நிறுத்திவிட்டோம், இனிக் கவலை இல்லை என்றேன். அவள் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"வந்து இழுத்தீக, இல்லைங்கல. அன்னைக்கே எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா அந்தச் செடி பொழச்சிருக்கும்."