பத்தொன்பது என்று எழுதிய பிள்ளை

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நிந்தவூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்தேன். பாண்டிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். வருடம் தொடங்கியதுமே தலைமை வாத்தியார் கூப்பிட்டார். போன சோதனையில் பெயிலான பெண்பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லையாம். நான் பொம்பிளை, வீட்டுக்குள் போய்க் கதைக்கலாம் என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

பள்ளி விட்டபின் சுடுமணலில் செருப்புப் புதையப் புதைய வீடு வீடாக அலைந்தேன். எல்லா வாசலிலும் ஒரே பிரசங்கம்தான். மனம் தளரக் கூடாது, அடுத்த முறை பாஸ் பண்ணலாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பெற்றவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிள்ளைகள்தான் வரவில்லை.

கடைசி வீட்டில் இன்னும் சிக்கல். அக்கா பெயில், தம்பி பாஸ். இனி இருவரும் ஒரே வகுப்பு.

"தம்பியோட ஒரே வகுப்புல எப்பிடி டீச்சர் குந்துற? ஊரு சிரிக்கும். புள்ள வீட்டோட இருக்கட்டும்" என்றார் உம்மா.

பிரசங்கத்தைத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு, முற்றத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்த பிள்ளை போகாமல் நின்றாள்.

"பெயில் எண்டுதான் எல்லாரும் செல்றாங்க. கணக்குல எங்க புழச்ச எண்டு ஒருத்தரும் செல்லல்லியே டீச்சர்."

எந்தக் கணக்கு என்று கேட்டேன். நாற்பது மூட்டை நெல்லை இரண்டு சகோதரர்கள் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை? மண்ணில் விரலால் செய்து காட்டினாள். விடை பத்தொன்பது.

"சக்காத்து எடுக்காம எப்பிடிப் பங்கு வெக்கிற? வாய்க்கால் தண்ணில வெளஞ்சா இருபதுல ஒண்டு. ரெண்டு மூட்ட ஏழைகளுக்கு."

ஏழைகளின் பங்கை ஒதுக்கிய பிறகுதான் அந்த வீட்டில் மற்றக் கணக்கெல்லாம். எனக்கு அது அன்றுதான் தெரியும். அத்தனை அலுப்பிலும் சிரிப்பு வந்தது. உம்மாவுக்கோ பெருமை, மகள் செய்தது சரிதானே என்றார். ஓம் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான்.

"வயலுக்கு இது சரி புள்ள. கணக்குல கேட்டத மட்டுந்தான் செய்யணும். அதால இது பிழைதான்" என்றேன்.

முகம் வாடும் என்று பயந்தேன். அவளோ, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினாள். அது உண்மையாகவே பிழை. அதற்கடுத்ததும் அப்படித்தான். பொழுது சாயும்வரை எழுதி எழுதி அழித்தோம். என் பஸ்ஸும் போய்விட்டது.

மறுநாள் அவள் வந்து வகுப்பு வாங்கில் உட்கார்ந்தாள், உம்மா மறிக்கவில்லை. வெட்கப்பட்டது தம்பிதான். வருட முடிவில் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினாள்.

மற்ற வீட்டுப் பிள்ளைகள் கடைசிவரை வரவேயில்லை. அந்த வாசல்களிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டு உட்கார்ந்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.