தம்பி ஆடாத சாயங்காலம்

நடந்தது இது:

1. ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு அணிப் பட்டியல் வந்தது. பதினொரு பேரில் என் தம்பி இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை.
2. கிளப்பின் பக்கத்தில், அவன் இன்று ஆடமாட்டான் என்று ஒரு வரி. காரணம் இல்லை.
3. கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது.
4. அதற்குள் அம்மா திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி வடக்கே ஒரு நகரத்துக் கால்பந்து கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறான். அவன் ஆடும் நாட்களில் எங்கள் கரைப் பையன்கள் கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி ஆட்டத்தைக் காட்டுவார்கள். அவனுக்கு ஆளுயர பிளெக்ஸும் உண்டு. அன்றும் அதில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டி, உனக்க தம்பி எங்க?" என்று கத்தினான் என்னோடு பள்ளியில் படித்த ஒருவன். "போன் ஆப்புல காசு கட்டி நான் போட்ட டீமில அவன்தான் கேப்டன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேம்லா."

"கோச்சுகூட சண்டை போட்டிருப்பான்."

"இல்ல மக்கா, எங்கயோ பொண்ணு பாக்கப் போயிருப்பான். மாமியார் வீட்டுச் சோறு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் எடுத்தானா மக்களே?"

"சார்ஜ் தீர்ந்திருக்கும்மா."

"காலையிலயும் எடுக்கலியே. எனக்குப் பேடியா இருக்கு."

காலையில் அம்மா கூப்பிட்டது எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் மறுபடி கூப்பிட்டேன், போன் அணைந்தே இருந்தது.

ஆட்டக்காரனின் உடம்பு அவனுடையது என்பது அதுவரை என் கட்சி. டிக்கெட் வாங்கியவனுக்கு ஆட்டத்தைக் காட்டினால் போதும், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியதில்லை. வேறொரு ஆட்டக்காரன் திடீரென்று காணாமல் போனபோது, ரசிகர் குழுவில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு இப்படி வாதாடியிருக்கிறேன். இப்போது நானே கிளப் பக்கத்தில், வசவுகளுக்கு நடுவே, "அவனுக்கு என்ன ஆயிற்று? நான் அவன் அக்கா" என்று எழுதினேன். உடனே கீழே ஒருவன், "நான் அவன் அப்பா" என்று போட்டான், சிரிக்கும் முகத்தோடு. எங்கள் அப்பா அப்போது கடலில் இருந்தார்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில், படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ் செட்டுகளைப் பழுது பார்க்கும் கடையில் எனக்கு வேலை. ஒரு படகு பேசாமல் போனால் வீட்டுப் பெண்கள் வந்து எங்கள் வாசலில் நிற்பார்கள். அந்தப் பக்கம் ஓடும் மற்றப் படகுகளைக் கூப்பிட்டுக் கேட்போம். எஞ்சின் நின்றதா, மீன் கிடைத்ததா என்று அந்தப் பெண்கள் விசாரிப்பதில்லை. "கண்டோம், ஆளெல்லாம் சுகம்" என்று ஒரு குரல் வந்தால் போதும், வீட்டுக்குப் போய்விடுவார்கள். கண்டவன் சொல்லியே ஆகவேண்டும். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத படகுக்காரனும் இதைச் சொல்வான்.

மைதானத்தில் உட்கார்ந்து நான் அப்படி ஒரு குரலுக்குக் காத்திருந்தேன். ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. பந்து நம் கோலுக்குப் போகும்போதெல்லாம் பையன்கள் அவன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்.

இடைவேளையில் பதில் வந்தது, கிளப்பிடமிருந்து அல்ல. அந்த நகரத்து ரசிகன் ஒருவன், பயிற்சி மைதான வாசலில் காத்து நிற்கிறவன். முந்தின நாளென்றால் வேலைவெட்டி இல்லாதவன் என்றிருப்பேன். "நீங்கள் உண்மையாகவே அக்கா என்றால் சொல்கிறேன். காலையில் கிளப் வண்டியில் ஏறினார். கை காட்டினார்."

அம்மாவிடம் வாசித்தேன்.

"நடந்துதானே ஏறினான்? தூக்கி ஏத்தலியே?"

கேட்டு எழுதினேன். நடந்துதான் என்று வந்தது.

மறுநாள் தம்பியே கூப்பிட்டான், ஆஸ்பத்திரியிலிருந்து. என்ன கோளாறு என்று இங்கே எழுதமாட்டேன். காலில் அல்ல என்பதுவரைதான் அவன் எழுத விட்டான்.

"சீசனோட ஒப்பந்தம் முடியுது அக்கா. இது வெளிய தெரிஞ்சா ஒரு கிளப்பும் என்னை எடுக்காது. கிளப்புலயும் என்கிட்ட வாயத் தொறக்காதேன்னு சொல்லிட்டாங்க."

"எங்ககிட்ட சொல்றதுக்கு என்னலே?"

"பேசுனா அழுதிருவேன். அதான் அணைச்சு வச்சேன்."

"அந்த ஒரு நாளுல மனசுக்குள்ள உன்னை அடக்கமே பண்ணிட்டேன்லே."

அம்மாவிடம் போனைக் கொடு என்றான்.

அன்று மதியம் ஆப் டீம்காரன் கடைக்கு வந்தான். "என்னட்டி, விவரம் உண்டா?"

"ஆளு சுகம். கொஞ்ச நாளு ஆடமாட்டான்."

"ஏன்?"

"அத அவன் சொன்னா உண்டு."

என்னைப் பார்த்தான். அவனும் கடலுக்குப் போகிறவன். "சரி, ஆளு இருக்கான்லா" என்றான். படியிறங்கியவன் திரும்பினான். "அடுத்த தடவை லிஸ்டு வாரதுக்கு முன்ன சொல்லச் சொல்லு. டீமு நாசமாப் போச்சு."

சுகம் என்று நான் சொன்னது பாதிதான் உண்மை. கடலிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னவர்களிலும் சிலர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் என் கட்சியை மாற்றிக்கொண்டேன். தனக்காகத் திரை கட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு, ஆள் இருக்கிறேன், இப்போதைக்கு ஆடமாட்டேன் என்ற அளவுக்கு ஆட்டக்காரன் சொல்லத்தான் வேண்டும். காரணம் அவனோடு இருக்கட்டும்.

இப்போதைய நிலை: முதல் சோதனையில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதன் முடிவு வரவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எல்லாம் தெரியும். ஒப்பந்தம் பற்றிக் கிளப் பேச்செடுக்கவில்லை. தம்பி தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறான். கூப்பிடும்வரை எனக்குப் பயமாக இருக்கிறது.