சாக்குக்கு அடியில் இருந்த டிரம்

எங்கள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். வந்ததும் குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவோம். கொசுப்புழு பார்க்க வாரந்தோறும் வரும் பெண், புழு கண்டால் அத்தனையையும் கீழே கொட்டிவிடுவாள். அதற்குப் பயந்து, கொல்லையிலிருந்த மூடியில்லாத பெரிய டிரம்மைப் பருத்திச் சாக்குகளால் மறைத்து வைத்தேன். கொசுவின் வளர்ச்சியைப் பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான்.

"பின்னால வேற எதும் இருக்கா அண்ணாச்சி?"

"சாக்குதான் கெடக்கு. பருத்தி எடுக்க வாரியாம்மா?"

"வெயில்ல வீடு வீடா அலையதுக்கு அது எவ்வளவோ தேவல" என்று சிரித்தபடி, பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கதவில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் காய்ச்சல். நான்காம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன நாட்களில் அவள் கேட்டதெல்லாம், "அப்பா, தண்ணி." டம்ளரை அவள் உதட்டில் வைக்கும்போதெல்லாம் அந்த டிரம்தான் என் கண்ணில் நின்றது.

பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "திரும்ப வராமப் பாத்துக்கோங்க. ரெண்டாவது தடவை வந்தா இதவிட மோசமாகலாம்."

அன்றே டிரம்மைக் கவிழ்த்துவிட்டேன். இப்போது மூடி போட்ட குடங்கள் மட்டும்தான். ஆறாம் நாளே அவை காலியாகிவிடுகின்றன.

நேற்று அந்தப் பெண் மறுபடி வந்தாள். கொல்லை முழுவதையும் நானே கூட்டிப்போய்க் காட்டினேன். மகள் உள்ளே கொசுவலைக்குள் படுத்திருந்தாள். பிறகு அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"இங்கன ஒண்ணும் இல்ல தாயி. சந்தேகமா இருந்தா படுத்துக் கெடந்து தேடு" என்றாள் அந்த வீட்டுக்காரி.

இடுப்பளவுச் சுவருக்கு அப்பால், சோளத்தட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் அவர்களுடைய டிரம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பறக்கும் கொசுவுக்குச் சுவர் ஏது? அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நெசந்தானா அண்ணாச்சி? ஒங்களுக்குத் தெரியாம இருக்காதே."

அன்று காலை மகளுக்குக் கஞ்சி காய்ச்சியது அந்த டிரம்மிலிருந்து கேட்டு வாங்கிய தண்ணீரில். குழாயில் தண்ணீர் வர இன்னும் நான்கு நாள் இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் பக்கத்து வீட்டுக் கதவிலும் தேதியை எழுதினாள்.